கல்யாணக் குக்கருக்கு நான் போட்ட மார்க்

"தோலை அளக்க மெஷின் இருக்குது. ஜனத்தை அளக்க நீ இன்னாம்மா எடுத்துட்டு வந்திருக்கே?"

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றின் அளவு மேஸ்திரி என்னிடம் கேட்டது இது. நான் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. கையிலிருந்த பன்னிரண்டு பக்கக் கேள்வித்தாளைக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் புரட்டினார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பது அவர் அதைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது.

"இதுல நான் சொல்றதைத்தானே எழுதுவே?"

"ஆமாம்."

"நான் பொய் சொன்னா?"

"கண்டுபிடிச்சிடுவேன்" என்றேன். அப்போது எனக்கு இருபத்தோரு வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. என்னிடம் யாரும் பொய் சொல்லிவிட முடியாது என்று உண்மையாகவே நம்பினேன்.

மேஸ்திரி சிரித்தார். "ஈரத்தோல இழுத்துக் கட்டிக் காய வச்சா அரை அடி ஜாஸ்தி காட்டும். மெஷின் பொய் சொல்லாது. தோல்தான் சொல்லும். உனக்கு அது தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, "உங்கப்பாரு எந்த ஷாப்பு?" என்றார். எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. எங்கள் அப்பா இருபது வருடம் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். அந்த வீட்டுப் பெண்ணை அந்த ஊர்க்காரர்கள் பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் இதை எழுதுகிறேன். ஓய்வு பெறுகிற வயதல்ல எனக்கு. எட்டு வருடம்தான் இந்த வேலையில் இருந்தேன். போன திங்கட்கிழமையோடு விலகிவிட்டேன். கேள்வித்தாளை நிரப்புவது எப்படி, மார்க்கைக் கூட்டுவது எப்படி என்பதை நம் ஆய்வு மையத்தில் ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் சொல்லிக் கொடுக்காததை மட்டும் நான் எழுதுகிறேன்.

நம் வேலை என்னவென்று வெளியில் கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஒரு கம்பெனி தன்னிடம் வேலை செய்கிறவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்ன செய்திருக்கிறது என்று அளந்து சொல்வது. இலாபத்தை அளக்க ஆடிட்டர்கள் இருக்கிறார்கள். இதை அளக்க வேலூரில் நாம் நான்கைந்து பேர் இருக்கிறோம். அவ்வளவுதான். ஆனால் அளக்கப் போகிற இடத்தில் எல்லோரும் நம்மைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். முதலாளிகள் நம்மை யூனியன் ஆள் என்பார்கள். தொழிலாளிகள் கம்பெனி ஆள் என்பார்கள். எங்கள் அம்மா முதல் இரண்டு வருடம், நான் ஏதோ குடும்பக் கட்டுப்பாட்டு ஆபீஸில் இருப்பதாக நினைத்து, அக்கம்பக்கத்தில் சொல்லாமலே இருந்தாள்.

அவர்கள் சந்தேகப்படுவது நியாயம்தான். சேர்ந்த புதிதில், மழை என்று ஒரு நாள் கம்பெனி வேனில் ஏறிக்கொண்டேன். ஷெட் வாசலில் இறங்கினேன். மேனேஜர் அறையில் கலர் சோடா கொடுத்தார்கள், குடித்தேன். அன்று பதினெட்டுப் பேரைப் பேட்டி கண்டேன். பதினெட்டுப் பேரும் "எல்லாம் நல்லா இருக்குதும்மா" என்றார்கள். கம்பெனி தங்கமான கம்பெனி என்று எழுதிக்கொண்டு வந்தேன். இரண்டு மாதம் கழித்து அதே பதினெட்டுப் பேரில் ஒருவரைச் சந்தையில் பார்த்தேன். "அன்னைக்கு அவங்க வண்டியில வந்து, அவங்க கலரைக் குடிச்சிட்டு வந்து கேட்டியே, நாங்க இன்னா சொல்றது?" என்றார். அதிலிருந்து பஸ்ஸில்தான் போவேன். தண்ணீரையும் பையிலேயே எடுத்துப் போவேன். இதைத் தெரிந்துகொண்டதும் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த தவறு அங்கே தொடங்கியது.

எண்பதுகளில் நம் பக்கத்தில் ஷூ கம்பெனிகள் வந்தன. தோல் ஷாப்பில் ஆண்களுக்குத்தான் பெரும்பாலும் வேலை. ஷூ கம்பெனியில் பெண்கள் உட்கார்ந்து மெஷினில் ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கலாம். காற்றோட்டமான ஷெட், சுத்தமான சிமெண்டுத் தரை. ஊர்ப் பெண்கள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு காலையில் கூட்டமாகப் போவதைப் பார்க்கவே எனக்குப் பெருமையாக இருக்கும். ஒன்றரை வருடத்துக்கு முன் வெளிநாட்டு உதவி அமைப்பு ஒன்று, பெண்களுக்கு ஒரு தையல் பயிற்சிக்கூடம் கட்டித்தர முன்வந்தது. எந்தக் கம்பெனி தொழிலாளிகளை நன்றாக வைத்திருக்கிறதோ அதன் பக்கத்திலேயே கட்டுவோம் என்றார்கள். எது நல்ல கம்பெனி என்று சொல்லும் வேலை நம் மையத்துக்கு வந்தது. மையம் அதை என்னிடம் கொடுத்தது.

ஆம்பூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்றைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போனது. பெயர் வேண்டாம். குழந்தைகள் வேலையில் இல்லை. கழிப்பறை சுத்தம். குடிநீர் சுத்தம். கல்யாணமாகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் கம்பெனி செலவில் ஒரு பிரஷர் குக்கர். எங்கள் தெருவில் குக்கர் இருந்த வீடு ஒன்றுகூட இல்லை. பெண்களைத் தனித்தனியாக, அவரவர் வீட்டில் வைத்துத்தான் கேட்டேன். "கல்யாணத்துக்குக் கம்பெனி பரிசு கொடுக்கிறதா?" "ஆமாம் அக்கா, குக்கர்." எல்லோரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். 'தொழிலாளர் நலன்' என்ற தலைப்புக்குக் கீழே பத்துக்குப் பத்து போட்டேன்.

அந்த ஷெட்டில் ஒரு கேலி ஓடும். யாருக்காவது கல்யாணம் நிச்சயமானால் பக்கத்து மெஷின்காரி, "ஏய், உனக்கு விசில் எப்போடி?" என்பாள். இன்னொருத்தி வாயாலேயே உஸ்ஸென்று விசில் விட்டுக் காட்டுவாள். வரிசை முழுக்கச் சிரிப்பு அலையடிக்கும். நானும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. வரிசை வரிசையாக நூறு பெண்களுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கழுத்திலும் தாலி இல்லை, கருகமணி இல்லை. ஆள் சேர்ப்பதையும் நிறுத்துவதையும் பார்க்கும் பர்சனல் ஆபீசரிடம் கேட்டேன். இஸ்திரி போட்ட சட்டை, மெதுவான பேச்சு. எல்லாப் பெண்களையும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

"நம்ம ஊர்ப் பொண்ணுங்களை உங்களுக்குத் தெரியாதா சிஸ்டர்? கல்யாணம் ஆனா வீட்டோட இருக்கத்தான் ஆசைப்படுவாங்க. நாம கட்டாயப்படுத்த முடியுமா?"

நம்பிவிட்டேன். அது நம்பத்தகுந்ததாக இருந்ததால் நம்பிவிட்டேன். நம்பத்தகுந்த பதில்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அறிக்கை முடியும் சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமுதா எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். துத்திப்பட்டுப் பெண். அந்தக் கம்பெனியில் ஐந்து வருடமாகத் தைக்கிறவள். வளைவான துண்டுகளை அவளைப் போல வேகமாகத் தைக்க அந்த ஷெட்டில் ஆளில்லை என்று மேற்பார்வையாளரே என்னிடம் சொல்லியிருந்தார். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு மாதனூரில். மாப்பிள்ளை சைக்கிள் கடை வைத்திருந்தான்.

வந்தவள் உட்காரக்கூட இல்லை. "அக்கா, ஒரு லெட்டர் எழுதணும். இங்கிலீஷ்ல."

"இன்னா லெட்டர்?"

"எனக்குக் குக்கர் வாணாம்னு."

வேடிக்கையாக இருந்தது. "ஏண்டி, பிடிக்கலைன்னா உங்கம்மாகிட்ட கொடு. பரிசை எவளாவது வாணாம்னு எழுதிக் கொடுப்பாளா?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பார்வை. "குக்கர் வாங்கினா வேலைக்கு வரக்கூடாதுக்கா. உனக்குத் தெரியாதா? ஷெட்டுல எல்லாருக்கும் தெரியுமே."

இடுப்பில் மடித்துச் செருகியிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். சனிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிப் பர்சனல் ஆபீசர் கொடுத்தது. ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது. மேலே இருந்த பத்தி, பிரஷர் குக்கர் ஒன்றை நன்றியோடு பெற்றுக்கொண்டேன் என்றது. கீழே இருந்த பத்தி, திருமணத்தை முன்னிட்டு என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன், கம்பெனியிடமிருந்து எனக்கு வரவேண்டியது ஏதுமில்லை என்றது. கையெழுத்துக்கு இடம் ஒன்றே ஒன்றுதான்.

எங்கள் அப்பா வாழ்நாள் முழுக்க எத்தனையோ காகிதங்களில் பெருவிரலை வைத்தவர். ஒன்றிலும் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. அந்த மாதிரிக் காகிதத்தைப் படிக்கத்தான் நான் படித்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். ஆனால் அந்தக் காகிதத்துக்குத்தான் பத்துக்குப் பத்து போட்டிருக்கிறேன். அமுதாவின் முன்னால் எனக்கு முகம் சுட்டது.

"இத்தனை வீட்டுக்கு வந்தேனே, ஏன் ஒருத்திகூடச் சொல்லலை?"

"நீ குக்கர் தர்றாங்களான்னுதானே கேட்டே? தர்றாங்கன்னு சொன்னோம். அப்புறம் என்ன ஆவும்னு நீ கேக்கவே இல்லையே."

அவளுக்கு அந்த வேலை ஏன் வேண்டும் என்று சொன்னாள். அவளுடைய அப்பா தோல் ஷாப்பில் மூட்டை தூக்கி இடுப்பு விட்டுப்போய்ப் படுத்திருக்கிறார். அம்மா இல்லை. தம்பி தங்கை இல்லை. கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன், அந்தச் சம்பளம் அப்பாவுக்குத்தான் என்று மாப்பிள்ளையிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்திருந்தாள். "வேலை போச்சுன்னா எங்கப்பனை நான் எங்க கொண்டு போய் வைக்கறது? மாமியார் வீட்டுத் தாழ்வாரத்துலயா?"

லெட்டர் எழுதிக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து, முன்பு அந்தக் கம்பெனியில் இருந்து கல்யாணமாகிப் போன பெண்களின் வீடுகளைத் தேடிப் போனேன். வேலையில் இருக்கிறவர்களைக் கேட்டே ஒரு கம்பெனியை அளந்துகொண்டிருந்தேன். வேலையில் இல்லாதவர்களை யார் கேட்பது? எல்லா வீட்டிலும் குக்கர் இருந்தது. ஒரு வீட்டில் அதில் அரிசி கொட்டி வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் டிரங்குப் பெட்டிமேல் துணி போர்த்தி, திறக்காமலே இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், இரண்டு மூன்று பேர் "நானேதான் விட்டேன், எனக்கு வீடுதான் பிடிச்சிருக்கு" என்றார்கள். அதையும் எழுதிக்கொண்டேன். மற்றவர்கள் அப்படிச் சொல்லவில்லை. பேரணாம்பட்டு ரோட்டில் இருந்த மும்தாஜ், "போட்டேன் கையெழுத்து. நிக்கா வேலையில யாரு படிச்சுப் பார்க்கறது? திரும்பிப் போனா வாட்ச்மேன் கேட்டைத் தொறக்கலை. பேஜாராப் போச்சு" என்றார்.

பத்துக்குப் பத்தை அடித்துவிட்டு, ஒரு பக்கம் தனியாக எழுதி அறிக்கையில் சேர்த்தேன்.

மையத்தின் டைரக்டர் கல்லூரியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். "ஏம்மா, அந்தப் பேப்பர் ஒண்ணைத்தானே பார்த்திருக்கே? மத்ததெல்லாம் வாய் வார்த்தை. இந்தப் பெண்கள் இப்போ பழசை மாத்திச் சொல்லலாம் இல்லையா?" என்றார். சந்தேகப்படுவது அவர் வேலை, அதில் தவறில்லை. ஆனால் கம்பெனி சொன்ன வாய் வார்த்தையை நாம் இரண்டு தடவை படித்ததில்லை. அதை அவரிடம் சொன்னேன். அவர் அந்தப் பக்கத்தை அறிக்கையிலேயே விட்டுவைத்தார்.

அமுதா கல்யாணம் முடிந்து பத்தாம் நாள் வேலைக்குப் போனாள். கேட்டில் பட்டியலில் அவள் பெயர் இல்லை. குக்கர் வாங்கவில்லையே என்றாள். அது ஆபீசில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள் என்றார்களாம். மூன்று நாள் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றுவிட்டு, என்னிடம் வந்தாள். அழவில்லை. "உன் லெட்டரைக் குடுத்தேன். படிச்சிட்டு மேசை டிராயர்ல போட்டுட்டாரு" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பர்சனல் ஆபீசரே வேலூருக்கு வந்தார். வெளிநாட்டுக்காரர்கள் வர ஒரு வாரம்தான் இருந்தது. அறிக்கையில் ஒரு பக்கம் இருக்கிறது என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. யார் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மையத்தில் ஒவ்வொருவர் முகத்தையும் வெகு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டைரக்டர் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஆபீசர் சுற்றி வளைக்கவில்லை.

"சிஸ்டர், அந்தப் பொண்ணு நல்ல ஒர்க்கர். நாளைக்கே வந்து உக்காரட்டும். ஒரு பக்கம்தானே, எடுத்துடுங்க. ஒரு குடும்பம் பிழைக்கும்."

"மத்த பொண்ணுங்க?"

"அவங்கதான் போய்ட்டாங்களே. இப்போ கஷ்டத்துல இருக்கறது இவ ஒருத்திதானே?"

டைரக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவை என் தலையில் போட்டுவிட்டார் என்று புரிந்தது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல் எவ்வளவு கௌரவமாக இருந்திருக்கும்! ஆனால் அந்தக் கௌரவத்துக்கு விலை கொடுக்கப் போவது யார்? நானல்ல. நாளைக் காலைவரை பொறுங்கள் என்று சொல்லிவிட்டு ஆம்பூர் பஸ் ஏறினேன்.

அமுதா அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஆசைப்பட்ட பதில் ஒன்று இருந்தது. மற்ற பெண்களுக்காக அந்தப் பக்கம் இருக்கட்டும் அக்கா என்று அவள் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன்.

"எடுத்துடுக்கா" என்றாள்.

"அமுதா, அந்தப் பக்கம் போனா..."

"உன் பக்கம் எங்கப்பனுக்குக் கஞ்சி ஊத்துமா? உனக்குச் சம்பளம் வருது, நீ நியாயம் பேசலாம். எனக்கு மெஷின் வேணும்." பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "கோச்சுக்காதே" என்றாள். "ஆனா ஒண்ணு. அந்தாளு வாயால சொன்னதை நம்பிப் போக மாட்டேன். ஃபாரின்காரங்க போனதும் மறுபடியும் கேட்டுக்கு வெளிய நிறுத்திடுவாரு. எழுதி வாங்கு."

மறுநாள் ஆபீசரிடம் அதைத்தான் கேட்டேன். அவர் முகம் சுருங்கியது.

"நம்ம மேல நம்பிக்கை இல்லையா சிஸ்டர்?"

"இல்லை சார்."

டைரக்டர் இருமினார். ஆபீசர் சிரித்துக்கொண்டே கம்பெனி லெட்டர் தாளை எடுத்து எழுதினார். அமுதாவின் குடும்ப நிலையைக் கருதி விசேஷமாக அனுமதிக்கப்படுகிறது என்று எழுதியிருந்தார். விசேஷம் என்பதும் கருதி என்பதும் வேண்டாம் என்றேன். திருமணமானது இவருடைய வேலைக்கு எந்தத் தடையும் அல்ல, பழைய சர்வீஸ் தொடர்கிறது என்று எழுதச் சொன்னேன். ஏன் அந்த வார்த்தைகளில் பிடிவாதமாக இருந்தேன் என்று அப்போது எனக்கே தெளிவாகத் தெரியாது. ஒருத்தியின்மேல் இரக்கப்பட்டுக் கொடுத்ததாக அது இருக்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், எழுதினார், கையெழுத்துப் போட்டார். சீல் வேண்டும் என்றேன். ஆளனுப்பிச் சீல் கொண்டுவரச் செய்து குத்தினார். பதிலுக்கு அவர் என்னிடம் ஒன்று கேட்டார். மையத்தின் ஊழியர் என்ற முறையில் இந்த விஷயத்தை எங்கும் எழுத மாட்டேன், பேச மாட்டேன் என்று டைரக்டர் முன்னிலையில் வாக்கு. கொடுத்தேன்.

அந்தப் பக்கம் போனது. அந்தக் கம்பெனிக்கே அதிக மார்க். பயிற்சிக்கூடத்துக்கு அங்கேயே அடிக்கல் நாட்டினார்கள். வந்தவர்களுக்குச் சந்தன மாலை போட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் ஒரு பெண்ணுக்கு மேடையில் குக்கர் கொடுத்தார்கள். வெளிநாட்டு அம்மா ஒருவர் அதைப் பார்த்து நெகிழ்ந்து கைதட்டினார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நான், கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

நான் செய்தது சரியா? உங்களில் யாராவது எனக்காகப் பரிந்து பேசினால் உங்களையும் நான் நம்ப மாட்டேன். அந்த அறிக்கை பொய். அதில் என் பெயர் இருக்கிறது. அமுதா வேலையில் இருந்தாள் என்பதும் உண்மை. இந்த இரண்டையும் கூட்டி ஒரு மார்க் போட எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் செய்த ஒவ்வோர் ஆய்விலும் மூன்று கேள்விகளைச் சேர்த்தேன். இங்கிருந்து போனவர்கள் யார்? அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? போகும்போது எதில் கையெழுத்துப் போட்டார்கள்? கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்தில் அவற்றைப் பார்ப்பீர்கள். அவற்றை யாராவது நீக்கச் சொன்னால், ஏன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு வருடம் போனது. போன மாதம் ஒரு விடுமுறை நாளில் அமுதா மையத்துக்கே வந்தாள். கூட மும்தாஜ். பார்த்த உடனே அமுதாவிடம் ஏதோ மாறியிருப்பது தெரிந்தது. இளைத்திருந்தாள்.

"ஷெட்டுல எவளும் எங்கிட்ட பேசறதில்லைக்கா. நூறு பேர் நடுவுல நான் ஒருத்தி தாலியோட உக்காந்திருக்கேன். ஆபீசர் ஆளுன்றாங்க. யாரு என்ன பேசறாங்கன்னு நான் போய்ச் சொல்றேன்னு நினைக்கறாங்க. சோத்து டப்பாவைத் தொறந்தா பக்கத்துல இருக்கறவ எழுந்து போறா."

"நான் என்ன செய்யட்டும்?"

அவள் ஆபீசர் கொடுத்த கடிதத்தை மேசைமேல் விரித்தாள். மடித்து மடித்து நடுவில் கிழிய ஆரம்பித்திருந்தது. இந்த ஒரு வருடத்தில் யாரிடமோ எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டு, ஆங்கிலத்தில் தன் பெயர் எது என்று தெரிந்து வைத்திருந்தாள். அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்க எம்பேருக்குப் பதிலா இவ பேரைப் போட்டா, மீதி எழுதினது அத்தனையும் இவளுக்கும் சரியா வருதா இல்லையா? படிச்சுச் சொல்லு."

படித்தேன். சரியாக வந்தது. ஒரு வார்த்தைகூட இடிக்கவில்லை. மும்தாஜ் கேட்டார்: "அப்போ எனக்கு மட்டும் ஏன் கேட்டு தொறக்கலைன்னு நான் எழுதிக் கேக்கலாமா?"

"கேட்டா அமுதா வேலைக்கே ஆபத்து வரும்" என்றேன்.

"வந்தா வரட்டும்" என்றாள் அமுதா. "சீல் போட்டுக் குடுத்திருக்காரு. நீதானே கேட்டு வாங்கினே? துணைக்கு ஆளு இல்லாம அங்க உக்காந்திருக்க முடியலைக்கா. இன்னும் பத்துப் பேர் வந்தா, நான் எவன் ஆளுன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

டைரக்டரிடம் போனேன். கொடுத்த வாக்கிலிருந்து என்னை விடுவிக்கச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "வாக்கு வாக்குதாம்மா. பயிற்சிக்கூடம் பாதி கட்டியாச்சு. மையத்தில் இருந்துகொண்டு நீ இதைச் செய்ய முடியாது" என்றார். அவர் சொன்ன கடைசி வாக்கியத்தை வீடு போகும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். நான் வாக்குக் கொடுத்தது மையத்தின் ஊழியராக. சந்தேகப்படுகிறவர்கள் வார்த்தைகளைக் கவனமாகப் படிப்பார்கள். எனக்குக் கிடைத்த ஒரே கெட்டிக்காரத்தனம் அதுதான்.

திங்கட்கிழமை ராஜினாமாவைக் கொடுத்தேன். நானே எழுதியது, ஒரே ஒரு பத்தி. செவ்வாய்க்கிழமை காலை மும்தாஜ் வீட்டில் கல்யாணத்தோடு அந்த வேலையை இழந்த பதினொரு பெண்கள் கூடினார்கள். வேலையைத் திரும்பக் கேட்டு, ஒவ்வொருத்திக்கும் கம்பெனிக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். தமிழில் எழுதினேன். ஒவ்வொன்றையும் உரக்க இரண்டு தடவை படித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டு, பிறகுதான் கையெழுத்து வாங்கினேன். ஒருத்தி நடுவில் எழுந்து போய்விட்டாள், அவளை யாரும் தடுக்கவில்லை. மீதிப் பத்துக்கும் ஆபீசர் கடிதத்தின் நகலை இணைத்தோம். இன்னொரு பிரதி தொழிலாளர் அலுவலருக்கு. பகல் ஒரு மணிக்கு ஆம்பூர்த் தபாலாபீஸில் எல்லாவற்றையும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் சேர்த்தோம். கவுண்டரில் இருந்தவர், "அனுப்புநர் முகவரி ஏதாவது ஒண்ணு போடும்மா, பதில் எங்க வரணும்?" என்று கேட்டார். எங்கள் வீட்டு முகவரியைப் போட்டேன்.